அடிபம்பு இருந்த புள்ளி

கயல் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அடையாறில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அவளுக்கு அடுத்த மேசை என்னுடையது. ஆலையோ சாலையோ எது வருவதானாலும், அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று ஒரு சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை முதலில் வரும். அதை வரைபடத்தில் வைத்துச் சரிபார்ப்பது எங்கள் வேலை. அறிக்கை சொல்லும் ஏரி அங்கே இருக்கிறதா, காலி நிலம் நிஜமாகவே காலியா என்று செயற்கைக்கோள் படத்தின்மேல் ஒட்டிப் பார்ப்போம். நான் ஓர் அறிக்கையை மூன்று நாளில் முடிப்பேன். கயலுக்குப் பத்து நாள் ஆகும். அட்டவணையில் உள்ள ஒவ்வொரு அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அவள் கையாலேயே அடித்துப் புள்ளி வைப்பாள்.

“காப்பி பண்ணி ஒட்டுனா கண்ணு பாக்காது நிரஞ்சா. கை அடிச்சாத்தான் பாக்கும்.”

அவள் மேசைக்கு மேலே ஒரு பழைய வரைபடம் ஒட்டியிருந்தது. வளைந்து போகும் அடையாறு ஆறு, அதன் கரையோரம் வெளிர் பச்சை. ஓரத்தில் ‘முட்புதர், ஆளில்லா நிலம்’ என்ற குறிப்பு. அந்தப் பச்சைக்குள் இருநூற்றுப் பதினான்கு வீடுகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் கயலும் அவள் அம்மா சுப்பம்மாவும் இருந்தார்கள். படத்தின் கீழே அறிக்கை தயாரித்தவர் பெயர்: மதிவாணன்.

அவள் பன்னிரண்டாவது படிக்கும்போது அந்த மனிதர் நேரில் வந்திருக்கிறார். தெருமுனை அடிபம்பில் கேன் வைத்துத் தண்ணீர் பிடித்தார். வெயிலில் நிற்கிறாரே என்று சுப்பம்மா நாற்காலி போட்டு, சொம்பில் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாள். எதற்கு இதெல்லாம் என்று கேட்டதற்கு, “தண்ணி நல்லாருக்கான்னு பாக்கத்தாம்மா” என்றார். குடித்த சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றி இருந்த வீடுகளைப் பார்த்தார். பிறகு வரைபடத்தில் அவற்றின்மேல் பச்சை அடித்தார். ஆற்றங்கரைப் பூங்காவுக்கான அறிக்கை அது. பொதுத்தேர்வு நடுவில் வீடுகளை இடிக்க இயந்திரம் வந்தது. வேதியியல் தேர்வன்று கயல் லாரியில், பாத்திரங்களுக்கு நடுவே, ஊருக்கு வெளியே உள்ள எட்டு மாடி அடுக்ககத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். துணைத்தேர்வு எழுதித் தேறினாள். புவியியல் எடுத்தாள். வேறு பாடம் தருகிறோம் என்று கல்லூரியில் சொன்னபோதும் மறுத்துவிட்டாள். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“அவரு எதால அடிச்சாரோ அத்தக் கத்துக்க வேணாமா?”

ஏழு வருடம் காத்திருந்தாள். சென்ற மாதம், அவர்களுடைய அடுக்ககத்திலிருந்து அறுநூறு மீட்டரில் குப்பை எரிக்கும் ஆலை ஒன்றுக்கு அறிக்கை வந்தது. தயாரித்தவர் மதிவாணன். கயல் அட்டையைப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள், அடிக்கத் தொடங்கினாள்.

நிலத்தடி நீரை எட்டு இடங்களில் சோதித்ததாக அறிக்கை சொன்னது. ஆலையிலிருந்து பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் அந்த எட்டும் இருக்க வேண்டும். ஏழு உள்ளே விழுந்தன. நான்காவது, வட்டத்தைத் தாண்டி வெளியே எங்கோ போய் உட்கார்ந்தது. எண்ணைத் தப்பாக அடித்துவிட்டாளோ என்று மறுபடி அடித்தாள். அதே இடம். படத்தைப் பெரிதாக்கினாள். ஆறு வளைந்தது. அவள் கை மவுஸின்மேல் அப்படியே நின்றது.

“எங்க அடிபம்பு நிரஞ்சா.”

பழைய அறிக்கையை எடுத்து ஒப்பிட்டோம். கடைசி இலக்கம் வரை அதே எண். உப்பின் அளவும் அதேதான்: ஆயிரத்து நூற்று நாற்பது. தேதி மட்டும் இந்த வருடம் பிப்ரவரி. சாயங்காலம் கைபேசியில் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு இருவரும் நடந்தே போனோம். பூங்காவில் நடைபாதைக் கல்லின்மேல் புள்ளி நின்றது. ஒருவர் நாயோடு அதன்மேல் நடந்து போனார். கயல் ஒரு படம் எடுத்தாள்.

எங்கள் அலுவலகத்தை நடத்தும் ஷீலா உடனே எழுதி அனுப்பச் சொன்னார்.

“அனுப்புனா ‘எழுத்துப் பிழை’ன்னு ஒரு வரில திருத்திடுவாருக்கா. ஆலைக்காக ஜனங்க கருத்துக் கேக்கற கூட்டத்துல கேக்கறேன். அங்க வீடியோ ஓடும். அவரு வாயாலயே நான்தான் எடுத்தேன்னு சொல்லணும்.”

“உனக்கு மைக் குடுக்கலன்னா? கூட்டம் முடிஞ்சா கதவு சாத்திடுவாங்க கயல். நீ நிறுத்தப் பாக்கறது ஆலையையா, அந்த ஆளையா?”

“எனக்கு ரெண்டும் ஒன்னுதான்.”

ஷீலா இந்தப் புள்ளியைப் பற்றி ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு என் பையில் வைத்தார். கயலுக்குப் பேச வாய்ப்புக் கிடைக்காவிட்டால், கூட்டம் கலைவதற்குள் நான் அதை அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும்.

அடுக்ககத்துக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். மேடையில் மாவட்ட அதிகாரி, அவருக்கு இடப்பக்கம் வெள்ளைச் சட்டையில் மதிவாணன். சுப்பம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“இவன்தான்டி. சொம்புத் தண்ணி குடிச்சானே.”

“தெரியும்மா. சும்மா இரு.”

பேசியவர்களெல்லாம் புகை, நாற்றம், பிள்ளைகளின் இருமல் என்று பேசினார்கள். மதிவாணன் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். மணி ஒன்றாகப் போகிறது, இன்னும் ஒருவர்தான் என்று அதிகாரி அறிவித்தார். என் கை பைக்குள் போய்விட்டது. கயல் எழுந்து, முன்வரிசைக்காரர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்; பிடுங்கினாள் என்றும் சொல்லலாம்.

“சார், தண்ணி சாம்பிள் எடுக்க நீங்களே நேர்ல போனீங்களா?”

“எட்டு இடத்துக்கும் நானே போனேன்மா.”

“நாலாவது இடம் இன்னா சார்?”

அவர் பக்கம் புரட்டினார். “அடிபம்பு. அறுபது அடி ஆழம்.”

“பிப்ரவரில தண்ணி வந்துச்சா?”

“வராம எப்படி சோதிக்கறது?” அவர் சிரித்தார். மேடையிலும் சிலர் சிரித்தார்கள்.

கயல் என்னைப் பார்த்தாள். நான் மடிக்கணினியை மேடைத் திரையோடு இணைத்தேன். பத்து கிலோமீட்டர் வட்டம். வெளியே தனியாக ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு ஏழு வருடத்துக்கு முந்தைய படம்: நெருக்கமாகக் கூரைகள். அடுத்து இந்த வருடப் படம்: புல், நடைபாதை. கடைசியாக அவள் எடுத்தது: கல்லின்மேல் நாயின் கால்.

“இந்தக் கல்ல அடிச்சா தண்ணி வருமா சார்?”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“அது... எழுத்துப் பிழை.”

“பிழைன்னா ஒரு எண்ணாவது மாறும். உங்க பழைய ரிப்போர்ட்ல கீற அதே எண்ணு, அதே உப்பு. இப்பதான் நேர்ல போனேன்னீங்க. வீடியோவுல கீது.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஐயாவுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுங்கப்பா.” சுப்பம்மாதான்.

அதிகாரி அவரிடம் ஏதோ கேட்டார். அவர் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அறிக்கை திருப்பி அனுப்பப்படும், சோதனைகள் அனைத்தும் புதிதாகச் செய்யப்பட வேண்டும் என்று கூட்டக் குறிப்பில் ஏறியது.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் மதிவாணன் எங்களை நோக்கி வந்தார். முகம் வியர்த்திருந்தது. “நீங்க எந்த ஏரியாம்மா?”

“உங்க மேப்புல பச்சையா கீதே சார். அங்க.”

அவருக்கு நினைவு வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கயலுக்கும் தெரிந்தது. அவள் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு அணைந்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை நான் போனபோது, மேசைக்கு மேல் பச்சை வரைபடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தாள். மதிவாணன் இதுவரை தயாரித்த அறிக்கைகளின் பட்டியல். இருபத்து மூன்று. அதில் ஒன்று கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

“அதான் ஜெயிச்சாச்சே கயல்.”

“அவருக்கு நாங்க ஞாபகம் இல்ல நிரஞ்சா. ஞாபகம் வர்ற வரைக்கும் அடிக்கணும்.”

இரண்டாவது அறிக்கையைத் திறந்தாள். ஒரு விரலை அட்டவணையின் முதல் வரியில் வைத்துக்கொண்டு, மறு கையால் எண்களை ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தாள்.