பிஸ்டன் மேல் அப்பிய களிமண்

நாகலூர் மெக்கானிக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். ஆனால் நான் வாயைத் திறந்தாலே குரங்குக் குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார்.

ஏற்றத்தில் முக்கும் என் ஜீப்புக்கு, இன்ஜினை மேலே மூடும் புது ஹெட்டும் வால்வுகளைத் திறக்கும் புது கேம்ஷாஃப்டும் வாங்கிக் கொடுத்திருந்தேன். புது கேம் வால்வை இன்னும் கீழே தள்ளும். அது பிஸ்டனில் இடித்தால் இன்ஜின் காலி. அதைப் பார்க்கத்தான் பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, ஹெட்டை மூடி, இன்ஜினைக் கையால் சுற்றினார். கழற்றினால் களிமண் வால்வோடு ஒட்டிப் பிய்ந்து வந்தது. ஒட்டாமலிருக்க வால்வில் எண்ணெய் தடவ மறந்துவிட்டாராம்! மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

ஒருவழியாகக் களிமண்ணைப் பிளேடால் வெட்டி, வால்வு நசுக்கிய இடத்தில் அது காகிதம்போல் மெலிந்திருந்ததைக் காட்டினார்.

"இடைவெளி நொம்பக் கம்மிங்க. பழசையே மாட்டிர்றனுங்க."

"அதெல்லாம் ஓடும், புதுசையே மாட்டுங்க!" என்று கத்தினேன்.

அப்போதுதான் முதல்முறையாகக் குல்லாயைக் கழற்றினார்.

"கொண்டை ஊசி வளைவுல வண்டி நின்னு, அங்கிருந்து நீங்க திட்டுனா எனக்குக் கேக்காதுங்க. இப்பவே திட்டிருங்க."

பழசையே மாட்டச் சொன்னேன்.

இன்றும் மாரமங்கலம் ஏற்றத்தில் ஜீப் முக்கும்போதெல்லாம் அவரை வாய்விட்டுத் திட்டுகிறேன். நாகலூர் வரை எங்கே கேட்கப்போகிறது?