மகளின் கல்யாணத்துக்கு வளர்த்த பூ

மீன்பிடி ஊரான தாழ்வுபாட்டில் பிறந்த ஆண்பிள்ளை வள்ளத்தில் ஏறியதும் வாந்தி எடுத்தால் அது குடும்பத்துக்கே மானக்கேடு. நான் ஒரு தடவை அல்ல, ஏறிய ஒவ்வொரு தடவையும் எடுத்தேன். இவன் கடலுக்குச் சரிவர மாட்டான் என்று படிக்க விட்டார்கள். படித்து, மன்னார் நகரத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் ஆனேன். கதிரையில் இருந்து செய்யும் வேலையில் வாந்தி வருவதில்லை என்பதைத் தவிர என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதனால்தான் ஐம்பத்து நாலாவது வயதில் நான் ஓர்க்கிட் வளர்க்கத் தொடங்கியபோது ஊரில் ஒருவரும் திடுக்கிடவில்லை. இவனிடம் இப்படி ஏதாவது ஒன்றைத்தான் எதிர்பார்த்தோம் என்பதுபோலப் பார்த்தார்கள்.

கந்தோரில் இருந்து கண்டிக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். என்ன பயிற்சி என்பது இப்போது நினைவில் இல்லை. திரும்பும் வழியில் ஒரு நாற்றுக்கடையில் ஓர்க்கிட்டுகள் வரிசையாகத் தொங்கியதும், அதற்குக் கீழே நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதும் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மூன்று செடி வாங்கினேன். ஒன்று வெள்ளை டென்ட்ரோபியம். அடுத்தது ஊதா நிற வண்டா. மூன்றாவதற்கு விற்றவருக்கே பெயர் தெரியவில்லை. பழைய பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மன்னார் வரைக்கும் வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, கைக்குழந்தையா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

ஓர்க்கிட்டுக்கு ஈரக்காற்று வேண்டும், மெல்லிய நிழல் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். எங்களிடம் இருப்பது உப்புக்காற்று, மத்தியானத்துக்குள் மீனைக் கருவாடாக்கும் வெயில், தேத்தண்ணீர் போட்டால் பால் திரைந்துபோகும் கிணற்றுத் தண்ணீர். இதெல்லாம் எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் மலேசியாவில் இருந்து ஓர்க்கிட் பற்றிப் பேசும் ஒரு தமிழ் அம்மாவின் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அவர் பேசும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருக்கும்.

கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டேன். மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, கழித்துப்போட்ட வலைகளை மேலே இரண்டு மடிப்பாக விரித்து நிழலுக்குக் கட்டினேன். சட்டிகளில் கரித்துண்டும் தேங்காய்ப் பொச்சும் போட்டு, செடிகளை அதில் இருத்தினேன். ஓர்க்கிட்டுக்கு மண் ஆகாது என்று வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கம் சொன்னேன். மச்சான் ஒருநாள் கொட்டிலுக்குள் தலையை நீட்டி, "அத்தான், வலையில இவ்வளவு நாளும் மீன்தான் பட்டது. இண்டைக்குத்தான் ஒரு ஆள் பட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தண்ணீருக்காக இரண்டு நீலப் பிளாஸ்டிக் பரல்களில் மாரிமழையைப் பிடித்து மூடி வைத்தேன். அந்தத் தண்ணீரை வேறு எவரும் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். உயிர்த்த ஞாயிறுப் பெருநாளுக்குத் தலை முழுக ஒரு வாளி மழைத்தண்ணீர் தரச் சொல்லி மனைவி கேட்டாள். முப்பது வருடமாக உவர்த் தண்ணீரில் தலை முழுகி, மயிர் தும்புபோல ஆகிவிட்டது என்றாள். டென்ட்ரோபியத்தின் வேருக்கு உப்புப் பட்டால் கருகிவிடும் என்று நான் பதில் சொன்னேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அன்றைக்கு எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதற்காக அவள் என் செடிகளை வெறுத்தாள் என்று சொல்ல முடியாது. ஒருநாள் நான் கந்தோரில் இருந்தபோது, பாவம், இதுகளும் ஏதாவது தின்னட்டுமே என்று சூடை மீன் கழுவிய தண்ணீரை மூன்று சட்டிக்கும் ஊற்றியிருக்கிறாள். எங்கள் முருங்கையும் கறிவேப்பிலையும் அந்தத் தண்ணீரில்தான் செழித்து நிற்கின்றன. நான் பின்னேரம் வந்து பார்த்தபோது கொட்டிலுக்குள் நாலு பூனை இருந்தது. வண்டாச் சட்டி கவிழ்ந்து, வேர் வெளியே கிடந்தது. வண்டா ஒரு கிழமைக்குள் போய்விட்டது. பெயர் தெரியாத மூன்றாவதை அயல்வீட்டு ஆடு தின்றது. அது பூத்திருந்தால் என்ன நிறம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மிஞ்சியது வெள்ளை டென்ட்ரோபியம் ஒன்றுதான். அந்த நேரத்தில்தான் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது.

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மட்டக்களப்பு. அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறு கழிந்து வைகாசியில் எங்கள் கோயிலிலேயே கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் பேசி முற்றாக்க வந்த அன்று, சாப்பாட்டு மேசையில், பங்குச் சுவாமியாரும் இருக்கும்போது, ஒருவரும் கேட்காமல் நான் எழுந்து நின்று அறிவித்தேன்: மகள் கையில் பிடிக்கும் பூச்செண்டு கடையில் வாங்கியதாக இருக்காது, நான் வளர்த்த வெள்ளை ஓர்க்கிட்டாகத்தான் இருக்கும். மாப்பிள்ளையின் தாயார் மரியாதையாகத் தலையாட்டினார். மகள் சிரித்தாள். மனைவி எனக்குச் சோறு போட்டாள், வாயை மூடட்டும் என்று நினைத்திருப்பாள்.

சொல்லிவிட்டேன் என்பதற்காக மட்டும் அல்ல. உண்மையிலேயே அவளுக்கு என் கையால் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை இருந்தது. மச்சான் கல்யாணச் சாப்பாட்டுக்கு மீனும் இறாலும் கடலில் இருந்து கொண்டுவருவான். மனைவி தன் தாலிக்கொடியை அழித்து மகளுக்குக் கொடி செய்யக் கொடுத்துவிட்டாள். ஆயுள் முழுக்கக் கோப்புக் கட்டியவன் எதைக் கொடுப்பது? அந்தப் பூ ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அது பூக்காவிட்டால் நான் அந்தக் கல்யாணத்துக்கு வெறுங்கையோடு போகிறவன் என்றே நினைத்தேன்.

தை மாதம் மகள் வேலையை விட்டுவிட்டு, கல்யாணம் வரைக்கும் வீட்டில் இருக்கப்போகிறேன் என்று வந்தாள். நல்லது பிள்ளை என்று சொல்லிவிட்டு நான் கொட்டிலுக்குப் போனேன். காலையில் கந்தோருக்கு முதல் ஒரு மணித்தியாலம், பின்னேரம் வந்து இருட்டும் வரைக்கும் எனக்கு அங்கேதான் இருப்பு. பங்குனியில் தண்டில் ஒரு முளை கண்டது. பூக்காம்பு வந்துவிட்டது என்று படம் எடுத்து குடும்ப வட்சப் குழுவில் போட்டேன். கனடாவில் இருந்து சின்னம்மாக்கள் கும்பிடும் கைகளாக அனுப்பினார்கள். பத்து நாளில் அந்த முளைக்கு வேர் வந்தது. அது பூக்காம்பு அல்ல, குட்டிச்செடி. வாழ்த்தியவர்களுக்கு நான் மறுப்பு எதுவும் அனுப்பவில்லை.

சித்திரை தொடக்கத்தில் உண்மையான காம்பு வந்தது. நுனியில் பதினொரு மொட்டு. காலையும் மாலையும் எண்ணினேன், ஏதோ என்னைக் கேட்காமல் ஒன்று குறைந்துவிடும் என்பதுபோல. மடுக் கோயிலுக்குப் போன அன்று மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். பக்கத்தில் மனைவியும் ஒன்று கொளுத்தினாள். திரும்பி வரும்போது, என்ன கேட்டாய் என்றேன். பிள்ளை போகிற இடத்தில் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று கேட்டாளாம். நீங்கள் என்ன கேட்டீர்கள் என்றாள். நானும் அதைத்தான் என்று பொய் சொன்னேன். நான் கேட்டது பதினொரு மொட்டும் ஒன்றாக விரிய வேண்டும் என்று.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சோழகம் எழும்பியது. அந்தக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். பந்தலுக்குக் கட்டிய தகரமே கிடந்து அடித்துக்கொண்டது. விருந்துக்கு வாங்கிய மூன்று கிடாய்களை யாரோ என் கொட்டிலின் காலிலேயே கட்டிவிட்டிருந்தார்கள். வீட்டுக்குள் கொண்டுபோகலாம் என்றால் எல்லா அறையிலும் சொந்தக்காரர், பாய், பிள்ளைகள், சூட்கேஸ். மிச்சம் இருந்தது சாமான் அறை ஒன்றுதான். மச்சான் முருங்கன் பக்கத்தில் இருந்து ஆறு வாழைக்குலை கொண்டுவந்து, முதல்நாள் புகை போட்டு, பழுக்கட்டும் என்று யன்னலையெல்லாம் அடைத்து அங்கே தொங்கவிட்டிருந்தான். புகைச்சட்டியை எடுத்தாகிவிட்டது. காற்று இல்லை, வெயில் இல்லை, ஆடு இல்லை, சொந்தக்காரர் இல்லை. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, சட்டியைக் கொண்டுபோய்க் குலைகளுக்குக் கீழே ஒரு தகரப்பேணியின் மேல் வைத்தேன். கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். அதன் பிறகு வெங்காயம் எடுப்பதென்றாலும் பெண்கள் என்னைத் தேடி வர வேண்டும். திறந்து, அவர்கள் எடுக்கும் வரைக்கும் செடிக்குக் குறுக்கே நின்று, மறுபடி பூட்டுவேன்.

மூன்றாம் நாள் காலை, பலகாரத்துக்குச் சீனி எடுக்க மனைவியின் தங்கை வந்தாள். கதவைத் திறந்ததும் கதலிப்பழ வாசனை ஆளைத் தூக்கியது. குலை ஆறும் பொன் மஞ்சளாகப் பழுத்திருந்தன. கீழே என் மொட்டுகளும் அதே மஞ்சள். மூன்று நிலத்தில் கிடந்தன. பதறிப்போய்க் காம்பைத் தொட்டேன், மிச்சமும் பொலபொலவென்று கொட்டின. மனைவியின் தங்கை குலைகளையும் மொட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அத்தான், ஒண்டையும் விடாம எல்லாத்தையும் பழுக்க வச்சிட்டியள்" என்றாள்.

ஃபோனை எடுத்து மலேசிய அம்மாவிடம் போனேன். பழுக்கிற பழம் ஒரு வாயுவை விடும், அது பட்டால் ஓர்க்கிட் மொட்டு மஞ்சளாகி உதிரும், ஒரு வாழைப்பழத்தைக்கூடப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று ஒரு வீடியோவில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நான் ஆறு குலை வைத்திருந்தேன், கதவையும் பூட்டி.

அரிசிமூட்டையின் மேல் இருந்தேன். அழுகை வந்தது, அதை மறைக்க மாட்டேன். நாளை மறுநாள் கல்யாணம். சித்தி சொல்லியிருப்பாள் போலும், மகள் வந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்து மூட்டையில் இருந்தாள்.

"உனக்கு ஒரு பூவும் தர ஏலாமல் போச்சுது பிள்ளை" என்றேன்.

"பூச்செண்டு கொழும்பில இருந்து வருது அப்பா. மாசியிலயே சொல்லி வச்சிட்டன்."

"என்னில உனக்கு நம்பிக்கை இல்லையோ?"

"உங்களில இருக்கு. உங்கட பூமரத்திலதான் இல்லை."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பை விட்டுவிட்டு, தரையில் கிடந்த ஒரு மொட்டைக் கால் விரலால் உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"நாலு மாசமும் உங்களோட இருக்கத்தான் வேலையை விட்டிட்டு வந்தனான். ஒவ்வொரு பின்னேரமும் கொட்டிலடிக்கு வந்தன். வெளிச்சத்தை மறைக்கிறாய், தள்ளி நில்லு எண்டு சொன்னனீங்கள்."

நான் அப்படிச் சொல்லியிருப்பேன். எத்தனை தடவை என்று தெரியாது. மொட்டைத்தான் எண்ணினேன், இதை எண்ணவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் யாரோ கதவைத் தட்டி, தையல்காரி வந்திருக்கிறாள் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த இரண்டு நாளும் மகளோடு தனியாக ஒரு அரை மணித்தியாலம் இருக்க நான் பட்ட பாட்டை, டென்ட்ரோபியத்துக்குக்கூடப் பட்டதில்லை. கல்யாண வீட்டில் அது கிடைக்காது. அறைக்குள் போனால் மருதாணி, முற்றத்தில் மாமிமார், குசினியில் பத்துப் பேர். கல்யாணத்தன்று காலை கோயிலுக்குப் போகும் காரிலும் முன்னால் மச்சான், பின்னால் நடுவில் தோழிப்பெண். மகளுடைய கல்யாணச் சட்டை தோழிப்பெண்ணைத் தாண்டி என் மடி வரைக்கும் கிடந்தது, பேசத்தான் முடியவில்லை.

கோயில் வாசலில் எல்லோரும் விலகிக்கொண்டார்கள். கொழும்புப் பூச்செண்டு அவளுடைய ஒரு கையில் இருந்தது. மற்றக் கையை என் கைக்குள் கொடுத்தாள். வாசலில் இருந்து பீடம் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் மட்டும்தான். அவ்வளவு தூரம்தான் மிச்சம் இருந்தது. பாட்டுக்குழு தொடங்கியது, நான் பழக்கத்தில் கந்தோருக்குப் போகிறவன்போல விறுவிறுவென்று காலெடுத்து வைத்தேன்.

"மெதுவா நடங்கோ அப்பா" என்றாள் மகள்.

மெதுவாக நடந்தேன். பாட்டுக்குழு பாட்டை முடித்துவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கியது.