பட்டன் கூரை

பழைய ஓப்பன் கார் வாங்கலாமா, அதற்கு அடுத்து வந்ததை வாங்கலாமா என்று கேட்டு இப்போதும் மாதத்துக்கு ஒருத்தராவது வந்துவிடுகிறார். தென்காசியில் கல்யாண ஊர்வலத்துக்குக் கார் விடுகிறவன் என்பதால் எனக்கு ஏதோ ஞானம் இருப்பதாக நினைப்பு. கிலோமீட்டர், டயர், எஞ்சின் சத்தம் என்று எதையாவது சொல்லி அனுப்பிவிடுகிறேன். சொல்ல வேண்டியதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் காறித் துப்பிவிட்டுப் போவார்கள். துப்பட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு மாப்பிள்ளை மண்டபத்துக்கு ஓப்பன் காரில் வரவேண்டும். சீட்டில் உட்கார்ந்தால் முகம் தெரியாது என்று பின்சீட்டுச் சாய்மானத்துக்கு மேலே ஏற்றி உட்கார வைப்பார்கள். முன்னால் மேளம், பின்னால் பெண்கள், நடுவில் ராஜா மாதிரி அவர். மூடின காரில் வந்தால் போச்சு. "என்ன, ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போறாவ?" என்று கேட்டே கொன்றுவிடுவார்கள்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் இந்தத் தொழிலைத்தான் செய்வது என்று முடிவு செய்தேன். அங்கே நான் டிரைவர். என் சிநேகிதன் ஒருவன் அங்கே மெக்கானிக். இரண்டு பேருக்கும் சுரண்டை பக்கத்தில் ஒரே ஊர். நான் மேலத்தெரு, அவன் கீழத்தெரு. இந்த இரண்டு தெருவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் ஊகித்துக்கொள்வார்கள். பனியில் ஒரே கம்பளிக்குள் கிடந்திருக்கிறோம். ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது இருபது நாள் என் துணியை அவன் துவைத்தான். ஊருக்கு லீவில் வந்தால் மட்டும் சுரண்டை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சந்தித்துக்கொள்வோம். அவன் என் வீட்டுப் படி ஏறியதில்லை. 'அவன்தான் வரமாட்டேங்கான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு தடவையாவது கூப்பிட்டேனா? இல்லை.

கார் பார்க்க அவனைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் செங்கோட்டைக்காரர் ஒருவர் பழைய வண்டிகள் வாங்கி விற்பார். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து வந்த இரண்டு ஓப்பன் கார்கள் அவரிடம் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே பெயர். ஒன்று முந்தின தலைமுறை, மற்றது அதற்கு அடுத்தது. இரண்டிலும் நாலு பேர் உட்காரலாம், கதவு இரண்டுதான்.

பழையதற்குக் கான்வாஸ் கூரை. கண்ணாடிக்கு மேலே உள்ள இரண்டு கொக்கியையும் கழற்றி, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பின்னால் மடக்க வேண்டும். திரும்ப மூடுவதென்றால் பத்து நிமிஷம் மல்லுக்கட்ட வேண்டும். புதியதற்குத் தகட்டுக் கூரை, மூன்று துண்டு. பட்டனை அழுத்தினால் டிக்கி மூடி தானாக எழும்பி, கூரை தானாக மடங்கி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். மூடுவதும் அப்படியே, இருபது எண்ணுவதற்குள்.

"வண்டி நிக்கணும் அண்ணாச்சி, பிரேக்ல கால் இருக்கணும். முழுக்க மூடுத வரைக்கும் பட்டன்லேர்ந்து விரல எடுக்கப்படாது. எடுத்தா அங்கனயே நின்னுரும்" என்றார் செங்கோட்டைக்காரர். நாலு தடவை திறந்து மூடிக் காட்டினார். ரோட்டில் போன பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். அங்கேயே நான் விழுந்துவிட்டேன்.

சிநேகிதன் விழவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு காருக்கும் அடியில் படுத்துப் பார்த்தான். கால் மிதியை விலக்கி உள்ளங்கையால் அழுத்தி ஈரம் பார்த்தான், கையை மோந்து பார்த்தான். பழையதன் கூரைமேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். ஒரு சொட்டு இறங்கவில்லை. கை துடைத்துக்கொண்டு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"பழச எடுலே. கான்வாஸ் கிழிஞ்சா தென்காசியில குஷன் தைக்கவன் தைச்சுக் குடுப்பான். அந்தப் பட்டன் வண்டில மோட்டாரு, ஆயில் பைப்பு, கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் டிக்கிக்குள்ளயே கெடக்கு. ஒண்ணு போனா வண்டிய மூலையில நிறுத்த வேண்டியதுதான்."

"நீ கோட்டிக்காரன் மாதிரி பேசாத. ஆனி, ஆவணி முகூர்த்தத்துல சாரல் எப்பம் விழும்னு யாருக்குத் தெரியும்? மாப்பிள்ள பட்டுச்சட்டையில நனையும்போது நானும் நீயும் கான்வாஸைப் பிடிச்சு இழுத்துட்டு நிப்பமா?"

"நனையட்டுமே. கல்யாணம் நின்னா போயிரும்?" என்று சிரித்தான்.

சாரலுக்காக என்று நான் சொன்னது பாதிதான் உண்மை. மீதி, நான் பெரிய ஆள் ஆகிவிட்டேன் என்று காட்ட வேண்டியிருந்தது. ஊரில் என் அண்ணனும் அவர் கூட்டாளிகளும் வாயைப் பிளந்து நிற்க வேண்டும், தானாக மடங்குகிற கூரையைப் பார்க்க வேண்டும். அண்ணனிடம் நல்ல பேர் வாங்குவதென்றால் எனக்கு ஐம்பது வயதிலும் நாக்கு தொங்கும். புதியதையே எடுத்தேன்.

அவன் முகம் கோணவில்லை. பேப்பரில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் காரைச் சுற்றி வந்து, "சரி, ஒனக்குப் பிடிச்சிருக்கு. ஒண்ணு கேட்டுக்கோ. எம் மவன் கல்யாணத்துக்கு இந்த வண்டிதான். ஓட்டுததும் நீதான்" என்றான்.

"வேற எவன்லே ஓட்டுவான்?" என்று அவன் தோளில் தட்டினேன். குற்றாலத்துக்குப் போய் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தோம். கூரையைத் திறந்துபோட்டு, ஈரத் தலையோடு, இரண்டு கிழட்டுப் பயல்கள்.

மூன்று வருஷம் கழித்து ஆவணியில் அந்தக் கல்யாணம் வந்தது. மகன் ஆசிரியர் வேலையில் இருந்தான். பெண் வீடு கடையம். மண்டபம் எங்கள் ஊர் மேற்குக் கோடியில் மெயின்ரோட்டில் புதிதாகக் கட்டியது. கீழத்தெருப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்குக் கார் போகிற நேர்வழி எங்கள் மேலத்தெரு வழியாகத்தான். அந்த வழியாக அதுவரை கீழத்தெரு மாப்பிள்ளை எவனும் ஓப்பன் காரில் போனதில்லை. வாய்க்கால் கரையைச் சுற்றிப் போவார்கள், இல்லையென்றால் மூடின வேனில் போவார்கள். அப்படிச் சட்டம் எதுவும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் அப்படித்தான்.

"நேர்வழியாவே போவோம்லா?" என்று அவன் கேட்டான். கேட்டபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, கார் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். மகன் அந்தத் தெரு வழியாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு ஒரு தடவை போக வேண்டும்.

"நான் ஓட்டுதேன்லா. எவன் கேப்பான்?" என்றேன். எவ்வளவு வாய்!

மாப்பிள்ளை அழைப்பு அன்றைக்கு மத்தியானம் அண்ணன் போன் செய்தார். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். ரொம்பப் பதமாகப் பேசினார்.

"நீ எந்த வழியா வேணும்னாலும் போப்பா. யாரும் மறிக்க மாட்டாவ. நம்ம தெருவுக்குள்ள நுழையும்போது கூரைய மட்டும் மூடிக்கோ. ஒனக்குப் பட்டன்தான? சாரல் விழுதுன்னு சொல்லு. அவியளுக்கும் மரியாத, நமக்கும் மரியாத. நாளைக்கு எம் மவளுக்கு மாப்பிள்ள பாக்கணும், நீதான சித்தப்பான்னு முன்னால நிக்கணும்?"

"பாப்போம்" என்று சொல்லி வைத்தேன். இதை நான் சிநேகிதனிடம் சொல்லவில்லை. மூடப்போவதில்லை, பிறகு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். காலையில் துடைத்த காரை மறுபடியும் ஒரு தடவை துடைத்தேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் ஊர்வலம் கிளம்பிவிட்டது. நல்ல வெயில். மேற்கே மலைமேல் மட்டும் கொஞ்சம் மேகம். மாப்பிள்ளை சாய்மானத்தின் மேல் மாலையோடு உட்கார்ந்திருந்தான். சிநேகிதன் என் பக்கத்தில் முன்சீட்டில், புது வேட்டி, சட்டைப்பையில் ராணுவத்துப் பேனா. கீழத்தெருவே பின்னால் வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மேளத்துக்குத் தக்கபடி வண்டியைப் பைய உருட்டினேன். எனக்கே நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, அது பொய்யில்லை.

மேலத்தெரு முனையில் டீக்கடை. கடை முன்னால் அண்ணன் நின்றார். கூட நாலைந்து பேர். கையில் கம்பு இல்லை, கல் இல்லை. சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். சின்ன வயதில் அவருக்குப் பிடிக்காத எதையாவது செய்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. என் கால் பிரேக்குக்குப் போனது. வண்டி நின்றது.

"சாரல் விழுது" என்றேன். பட்டனை அழுத்தினேன்.

பின்னால் டிக்கி மூடி எழும்பியது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். தகடு எழுந்து வந்ததும் தலையில் இடிக்கும் என்று மாலையைப் பிடித்துக்கொண்டு சீட்டுக்குள் இறங்கினான். சிநேகிதன் இடது கையை வெளியே நீட்டி உள்ளங்கையை வானத்துக்குக் காட்டினான். அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். கை காய்ந்து கிடந்தது. இருபது எண்ணுகிற நேரம் என்று சொன்னேன் இல்லையா, அதில் எந்த எண்ணிலும் நான் விரலை எடுத்திருக்கலாம். எடுத்தால் கூரை அங்கேயே நின்றிருக்கும். கட்டைவிரல் வெளுக்கிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தேன்.

கூரை முக்கால்வாசி வந்தபோது அவன் டீக்கடைப் பக்கம் திரும்பினான். அண்ணனைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும். கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். தன் சீட்டை முன்னால் மடக்கினான்.

"எறங்குய்யா. நடந்து போவோம்" என்று மகனிடம் சொன்னான்.

மகன் இறங்கினான். மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்தியிருந்தார்கள். "அடிங்க" என்றான் சிநேகிதன். அடித்தார்கள். அப்பனும் மகனும் மேலத்தெருவுக்குள் நடுரோட்டில் நடந்தார்கள். டீக்கடையில் நின்ற ஒருவர்கூட அசையவில்லை. நடந்து போகிறவனை என்ன சொல்வது என்று அவர்கள் யோசித்து வைத்திருக்கவில்லை போலும். அவர்களால் ஒன்றும் ஆகாது என்று முன்பே தெரிந்திருந்தால் மூடியிருக்கமாட்டேன் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். தெரிந்திருந்தாலும் மூடியிருப்பேன். நான் பயந்தது அடிக்கு இல்லை, அண்ணன் முகம் சுளிப்பதற்கு.

பின்னால் கூட்டம் நின்றதால் வண்டியைத் திருப்பவும் முடியவில்லை. மூடின காலிக் காரை நடக்கிற வேகத்தில் அவர்கள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். ஏசி வேறு ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் தாண்டிப் போன பெண்கள் கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து பார்த்தார்கள். ஒரு அம்மாள், "சவம், வண்டி ரிப்பேர் போலுக்கு" என்றாள்.

மண்டப வாசலில் கடையத்துக்காரர்கள் ஆரத்தியோடு நின்றார்கள். மாப்பிள்ளை வேர்த்துப்போய் நடந்து வருவதைப் பார்த்துப் பெண்ணின் தாய்மாமன் பதறிவிட்டார். "என்ன மச்சான், கார் சொல்லியிருக்குன்னீயளே?" என்று கேட்டார். நான் பத்தடி தள்ளி, கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது சிநேகிதன் சொல்லப்போகிறான், என் மானம் போகப்போகிறது என்று நினைத்தேன். போயிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"கூரை மக்கர் பண்ணிட்டு. நாந்தான் அந்த வண்டியப் பாத்து வாங்கிக் குடுத்தேன். சரியாப் பாக்கல. தப்பு எம்மேலதான்" என்றான்.

இருபத்தெட்டு வருஷம் ராணுவத்தில் ஒரு வண்டியைக்கூடத் தப்பாகப் பார்த்துவிட்டான் என்று பேர் வாங்காதவன் அவன். கல்யாண வீட்டில் கலகம் வேண்டாம் என்று அதையும் விட்டுக்கொடுத்தான். நான் என்ன செய்தேன்? தாய்மாமன் என் பக்கம் திரும்பியபோது, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவனிடம் போய் ஏதாவது பேசிவிட வேண்டும் என்று ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். அவன் வருகிறவர்களைக் கும்பிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். நான் கிட்டே போனபோது பந்தி பார்க்கிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டான். முப்பது வருஷமாக என்னை 'லே' போட்டுக் கூப்பிட்ட வாய்.

"டிரைவர் அண்ணாச்சிக்கு ஒரு எல போடுங்க. அவுக தென்காசி வரைக்கும் போகணும்."

மற்ற டிரைவர்களோடு என்னையும் ஓரப் பந்தியில் உட்கார வைத்தார்கள். சாப்பிட்டேன். எங்கள் ஊருக்குள் வைத்து அவன் வீட்டுச் சோற்றை நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.