ஐஸைத் தொட முடியாத நாட்கள்

எங்கள் அக்கா ஆண்டவரில் இளைப்பாறி ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அக்காவின் பொறுமையைப் பற்றி எழுதித் தரும்படி வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பொறுமையோடுதான் சண்டை. தங்கை என்ற உரிமையில் அதையே எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா கடற்கரையில் பிறந்து, பக்கத்து ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். அத்தான் மாரடைப்பில் இறந்தபோது மகள் நான்காம் வகுப்பு. மறு மாதமே அக்கா மீன் பெட்டியோடு புதுக்கடை சந்தையில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருடம் ஐஸுக்குள் கை விட்டு மீன் எடுத்து விற்றுத்தான் மகளைப் படிக்க வைத்து, கல்யாணம் முடித்து, துபாய்க்கு அனுப்பினார். யாரிடமும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதைத்தான் எல்லாரும் புகழ்கிறீர்கள்.

குடலில் கட்டி என்று தெரிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, கீமோ தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் பன்னிரண்டு. வாந்தியும் வாய்ப்புண்ணும் வரும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். நாங்கள் எதிர்பாராதது குளிர்ச்சி. ஏற்றுகிற மருந்துகளில் ஒன்று உடம்பில் ஏறினால் ஐந்தாறு நாளைக்குக் குளிர்ந்த எதையும் தொடக்கூடாது. தொட்டால் ஷாக் அடித்ததுபோல் விரல் சுண்டும். பச்சைத் தண்ணீர் குடித்தால்கூடத் தொண்டை அடைக்கும். ஃப்ரிட்ஜில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். பார்க்க வந்தவர்களோ குளிர்ந்த இளநீரைத்தான் அக்காவின் கையில் திணித்தீர்கள். அக்காவும் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார். சிலர் நோய்க்கு நல்லது என்று முள்ளுச்சீத்தா இலை அவித்த தண்ணீர் கொண்டுவந்தீர்கள். அதை நான் வாழை மூட்டில் ஊற்றினேன். வாழை நன்றாகக் குலை தள்ளியது.

ஒவ்வொரு முறையும் டாக்டர், "கை கால் மரத்துப் போகுதாம்மா?" என்று கேட்பார். "கொள்ளாம் சாரே, நல்லாத்தான் இருக்கு, ஒண்ணும் இல்ல" என்பார் அக்கா. ஜாக்கெட் ஹூக்கை என்னை மாட்டச் சொன்னபோதுகூட, கண் சரியாகத் தெரியவில்லை என்றார். நானும் நம்பினேன்.

எட்டாவது ஊசிக்குப் பிறகு, வீட்டில் அடைந்து கிடக்க முடியாது என்று சந்தைக்குக் கிளம்பினார். ஐஸ் ஆகாது என்பதால் கருவாடு விற்கப் போனார். நான் சத்தம் போட்டும் கேட்கவில்லை. பக்கத்தில் மீன் விற்கும் பிலோமி மதினிதான் முதலில் பார்த்தார். "மதினி, ஒனக்க கையில இருந்து ரத்தம் ஒழுகுது, தெரியேலியா?" கருவாட்டு முள் நகத்துக்கடியில் ஏறி நின்றிருக்கிறது. அக்காவுக்கு அது தெரியவே இல்லை.

"எதுக்குக்கா டாக்டர்ட்ட மறச்ச?" என்று கேட்டேன்.

"சொன்னா மருந்தக் கொறப்பாங்க ஏட்டி. கொறச்சா, இவளுக்கு இனி ஒண்ணும் செய்யாண்டாம்னு விட்டுட்டாங்கன்னுதான அர்த்தம்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த முறை நானே முந்திக்கொண்டு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனியும் போட்டால் கையில் உணர்வு திரும்பாமலே போகலாம் என்று அவர் அந்த ஒரு மருந்தை நிறுத்தி, மற்றதை மட்டும் தொடர்ந்தார். அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கஞ்சி கொண்டுபோனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

அடுத்த வருடம் நோய் கல்லீரலுக்கு வந்தது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில், என் காதுபடவே ஒருவர் சொன்னார்: "அந்த மருந்த முழுசா ஏத்தியிருந்தா ஆளு இருந்திருக்கும்." நான் மறுபடியும் போய் டாக்டரிடம் கேட்டேன். அதனால் அல்ல என்றார். சில நாள் அதை நம்புகிறேன். சில நாள் நம்ப முடிவதில்லை.

கஞ்சி கொடுத்துவிட்டவர்களுக்கும், வண்டி ஓட்டியவர்களுக்கும், வாசலோடு விசாரித்துவிட்டு அக்காவைத் தூங்க விட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பிலோமி மதினிக்குத் தனியாக ஒரு நன்றி உண்டு. கடைசி வாரத்தில் ஒரு காலை அக்கா, "மக்கா, பிலோமிகிட்ட ஒரு துண்டு ஐஸ் கொண்டுவரச் சொல்லுவியா?" என்று கேட்டார். மதினி சந்தையிலிருந்து சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். மீன் பெட்டி ஐஸ், அழுக்கு என்று அதற்கும் நான் சத்தம் போட்டேன். அக்கா அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். தண்ணீர் முழங்கை வழியாகப் பாயில் சொட்டியது.

"தணுக்குது, ஏட்டி" என்றார்.

"கை சுண்டுதாக்கா? வலிக்குதா?"

"இல்ல. ஐஸ் தணுக்கும்லா, அந்தத் தணுப்புதான். கொள்ளாம்."

அக்கா சொன்ன அத்தனை கொள்ளாமிலும், அந்த ஒன்றை மட்டும் நான் நம்புகிறேன்.