ஒரு கல்லும் மிச்சம் வைக்காதவர்

ஓய்வு பெற்ற மறுவருடம், 2005இல், மரக்காணத்துக்கு மேற்கே நான் வாங்கிய நிலம் முழுக்கக் கல். டிராக்டரின் பின்னால் இரும்புப் பற்கள் வைத்த சட்டத்தை மாட்டிக் கல் வாரித் தர ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், காதிடுக்கில் பீடி. பெரிய கல் மாட்டினால் ஒவ்வொரு முறையும் இறங்கி, கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பெயர்ப்பார். அந்த நிதானத்தை நம்பிச் சாப்பிடப் போனேன்.

திரும்பியபோது கிழக்கு மூலையில் சர்வே கல்லைக் காணோம். மறுவாரமே பக்கத்து நிலத்துக்காரர் என் பக்கம் நாலடி தள்ளி வேலி போட்டார்.

வருவாய்த் துறையில் முப்பது வருடம் எல்லைத் தகராறு விசாரித்தவன் நான். டீக்கடையில் டிராக்டர்காரரைப் பிடித்தேன்.

"தெரியாம பேத்துட்டியாப்பா?"

"குறி போட்ட கல்லாச்சே, தெரியாமயா சார்? வருஷம் பூரா உங்க பக்கத்து நிலத்துக்காரருகிட்டதான் ஓட்டுறேன். உங்களுது ஒரு நாள் வேலை. எடுத்துடுன்னாரு, எடுத்துட்டேன்."

"என்னாண்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ஆபீசருங்க. மனு எழுதினா கல்லு திரும்ப வந்துடும். என் வேலை போனா நான் எந்த ஆபீசுல எழுதறது?"

மறு அளவைக்கு மனு எழுதினேன். கல் இருந்ததைப் பார்த்த சாட்சியாக அவரைத்தான் குறிப்பிட்டேன். என்னை ஏய்த்தாலும் கேட்டதும் ஒளிக்காமல் சொன்ன அந்த மனிதரைவிட நம்பத் தகுந்தவர் அந்த ஊரில் எனக்கு வேறு யாரும் கிடைக்கவில்லை.