ஆகாசக் கப்பலின் வாசகி

உடுப்பிட்டியில் பராசக்தியின் பெயர் தெரியாதவர்களுக்கும் அவளுடைய நடை தெரியும். ஒரு கையில் குடை, மறுகையில் தூக்கிப் பிடித்த சேலைக் கொய்யகம், யாரோ பின்னால் துரத்துவதுபோல ஒரு வேகம். நெல்லியடியில் ஒரு டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்து வந்தாள். பஸ் வரும்வரை தரிப்பில் நிற்கப் பொறுமை இராது. நடந்தே பாதித் தூரம் போய்விடுவாள். அங்கே வைத்து அதே பஸ் அவளைக் கடந்து போகும்.

"கொஞ்சம் இரன் பிள்ளை, பாக்க எனக்கு இளைக்குது" என்பாள் தாய் நல்லம்மா.

தகப்பன் இறந்தபிறகு வீட்டில் அவர்கள் மூன்று பேர்தான். தோட்டத்தைத் தம்பி சீவரத்தினம் பார்த்தான். வெங்காயமும் மிளகாயும் போட்டான். அந்த நாளில் அவன் வாய் ஓயாத பெடியன். கிணற்றடியில் நின்று அவன் அடிக்கும் பகிடி ஒழுங்கை முனைவரை கேட்கும்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் அடுத்த வளவு வீட்டு இராசநாயகம் சவூதியிலிருந்து டீவி ஒன்றோடு வந்து இறங்கினார். சனிக்கிழமைப் பின்னேரங்களில் அதில் கொழும்பிலிருந்து ஓர் ஆங்கிலத் தொடர் போகும். ஹெரன் என்ற கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவே ஊர் ஊராகப் போகும். ஹால்டன் என்பவன் கப்டன். வழி பார்த்துச் சொல்கிற மாலுமி ஈதா என்றொரு பெண். அயலவர்கள் தொடரின் பெயரை விட்டுவிட்டு 'ஆகாசக் கப்பல்' என்றுதான் சொல்வார்கள். பெடியளுக்குக் கப்பல் வெடிப்பதும் எரிவதும் பிடிக்கும். பராசக்திக்கு ஈதாவைப் பிடித்தது. எந்தப் புதிய கரையிலும் முதலில் கால் வைப்பவள் அவள். இறங்கலாமா என்று யாரிடமும் கேட்பதில்லை. அதைப் பார்க்கும்போது பராசக்திக்கு உள்ளங்கால் குறுகுறுக்கும்.

ஒரு சனிக்கிழமை ஈதா ஒரு பனிக்கிரகத்தில் தனியே அகப்பட்டுக்கொண்டாள். கப்பல் அவளைக் கைவிட்டுப் புறப்படும் நேரம் பார்த்து, இந்தியாவின் படம் துப்புரவாக விழுகிறதென்று யாரோ வந்து சொன்னார்கள். இராசநாயகம் கூரையில் ஏறி அன்டெனாவை வடக்கே திருப்பிவிட்டார். ஈதா மறைந்து, சேலை கட்டிய ஒருத்தி பாட்டுப் பாடத் தொடங்கினாள்.

"அண்ணை, அரைவாசியிலை விட்டிட்டியளே!"

"உது ஒரு நாளும் முடியாத கதை பிள்ளை. படமெண்டால் மூண்டு மணித்தியாலத்திலை முடிஞ்சிடும்."

அன்டெனா பிறகு தெற்கே திரும்பவே இல்லை. அந்தக் கிழமை முழுக்கப் பராசக்திக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வகுப்பில் இறந்தகாலம் படிப்பித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பனிக்குள் ஒருத்தி நின்று கொண்டிருந்தாள்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செபநாயகம் என்பவர் பழைய புத்தகம் விற்றார். பாடப்புத்தகம் தேடிப் போனவளின் கண்ணில் ஒரு மெல்லிய புத்தகம் பட்டது. அட்டையில் ஈதாவின் முகம்! டீவியில் கண்ட அதே முகம்.

"உது டீவியிலை வந்ததை வைச்சு எழுதிறது" என்றார் செபநாயகம். "டீவியிலை வராத கதையளும் இருக்கு. ஒராள் எழுதிறேல்லை, கனபேர் எழுதீனம். நம்பர் போட்டுப் போட்டு வந்துகொண்டே இருக்கும்."

பருத்தித்துறை பஸ்ஸில் இருக்கை கிடைத்தும் அவள் அதைக் கவனிக்காமல் நின்றபடியே படித்தாள். பனிக்கிரகத்துக் கதையேதான். ஹால்டன் கட்டளையை மீறித் திரும்பி வந்து ஈதாவை ஏற்றிக்கொண்டான். பராசக்திக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி ஆறியது. அந்த ஆறுதல் அச்சுவேலி தாண்டும்வரைதான். அதற்குள் அடுத்த புத்தகம் எப்படியிருக்கும் என்ற தவிப்பு பிடித்துக்கொண்டது.

பிறகு வந்த ஆண்டுகளில் ஊரில் என்னென்னவோ நடந்தன. சந்திகளில் காவலரண்கள் முளைத்தன. அவளோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக ஜேர்மனிக்கும் கனடாவுக்கும் போனார்கள். பராசக்தி, பாதை திறந்திருக்கும் நாட்களில் பட்டணத்துக்குப் போய்ச் செபநாயகத்தின் கடையைக் கிளறினாள். சில தடவை ஹெரன் கிடைக்கும். பல தடவை கிடைக்காது. வெறுங்கையோடு வரும் நாட்களில் தாயோடு சண்டை வரும்.

டியூட்டரியில் அவளோடு படிப்பித்த மரியநாயகி பருத்தித்துறைக்காரி. பெரிய பெரிய ஆங்கில நாவல்களாகப் படிப்பவள்.

"உனக்கு வெக்கமா இல்லையோ பராசக்தி? உதிலை என்ன கிடக்கு?"

"ஒண்டும் இல்லையடி. ஒருத்தன் ஈதாவுக்குக் கபிலத் தலைமயிர் எண்டுறான். இன்னொருத்தன் மஞ்சள் எண்டுறான். ஒரு புத்தகத்திலை அவளுக்குத் தாய் இல்லை. மற்றதிலை தாய் வந்து சூப் காய்ச்சிறா."

"பேந்து ஏன் படிக்கிறாய்?"

"அவள் அடுத்ததா எங்கை போறாள் எண்டு தெரியவேணும். வேறையென்ன?"

எண்பத்தேழாம் ஆண்டு வைகாசியில், உடுப்பிட்டி இருக்கும் வடமராட்சிக்குள் இராணுவம் வந்தது. குண்டுச் சத்தத்தில் சனம் கோயில்களுக்குள் போய் அடைந்தது. கோயிலிலிருந்து வெளியே வந்தபோது இளைஞர்களைத் தனியே பிரித்தார்கள். சீவரத்தினத்தையும் பிரித்தார்கள். நல்லம்மா ஒரு சிப்பாயின் காலைப் பிடித்தாள். லொறியில் ஏற்றிக் காங்கேசன்துறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கப்பலில் தெற்கே காலிப் பக்கத்து முகாமொன்றுக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி பல நாள் கழித்துத்தான் வந்தது.

இந்தியாவோடு ஒப்பந்தம் வந்த பிறகு அவனை விட்டார்கள். வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தவன், தாய் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினான். அவ்வளவுதான். கேட்டதற்கு ஓம், இல்லை என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பகிடி இல்லை. காலையில் தோட்டத்தில் இறங்கினால் இருட்டும்வரை அங்கேயே நிற்பான். யாராவது பின்பக்கமாக வந்தால் உடம்பு முழுக்கத் துள்ளும்.

அந்த நாட்களில் பராசக்தி கையிலிருந்த ஹெரன் புத்தகம் ஒன்றை முடித்தாள். கதையில் ஹால்டனை எதிரிகள் பிடித்துச் சிறை வைத்திருந்தார்கள். கடைசி அத்தியாயத்தில் அவன் தப்பி வந்து, தன் நாற்காலியில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டு ஒரு பகிடி விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கப்பல் புறப்பட்டது.

அவள் புத்தகத்தைச் சுவரில் எறிந்தாள். எல்லாப் புத்தகத்திலும் இதுதானே! எந்த அழிவு வந்தாலும் கடைசிப் பக்கத்தில் எல்லோரும் பழைய இடத்தில், பழைய ஆட்களாகவே நிற்பார்கள். அடுத்த எழுத்தாளனுக்குக் கப்பலைக் கீறல் விழாமல் ஒப்படைக்க வேண்டும். இத்தனை நாளும் இது தன் கண்ணில் படவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அத்தனை புத்தகத்தையும் உரப்பைக்குள் போட்டுக் கட்டிக் கொட்டிலில் எறிந்தாள். அன்று பின்னேரம் நடக்கத் தொடங்கியவள் பருத்தித்துறைக் கடலைக் கண்ட பிறகுதான் நின்றாள்.

அடுத்த தடவை வெங்காயம் பிடுங்கியபோது, பிடிபிடியாகக் கட்டி வைக்க அவளும் தம்பிக்குப் பக்கத்தில் இருந்தாள். பேசாமல் ஒருவனோடு நாள் முழுக்க இருப்பது அவளால் முடியாத காரியம். வாயில் வந்ததெல்லாம் சொன்னாள். சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாதபோது பனிக்கிரகத்துக் கதையைத் தொடங்கினாள். ஈதாவைத் தனியே விட்டுக் கப்பல் புறப்படும் இடத்தில் அவன் கை நின்றது.

"கடைசியிலை எல்லாரும் திரும்பி வந்திடுவினமோ?"

பல மாதங்களுக்குப் பிறகு அவன் தானாகக் கேட்ட முதற் கேள்வி அது.

"ஓம் தம்பி. வந்திடுவினம்."

"பழையபடியோ?"

"பழையபடிதான்."

"அப்பச் சொல்லு."

உரப்பை கொட்டிலிலிருந்து திரும்பி வந்தது. தான் வெறுத்த அந்தக் கடைசி அத்தியாயங்களைத்தான் அவள் ஒவ்வொன்றாகத் தம்பிக்குத் தமிழில் சொல்லவேண்டி வந்தது. ஹால்டன் கோப்பி குடிக்கும் இடத்தில் அவன் முகம் தளரும். ஒருநாள் அவள் அதைச் சொல்லாமல் விட்டாள். "கோப்பி?" என்று கேட்டான்.

தொண்ணூறில் திரும்பவும் சண்டை தொடங்கியது. மின்சாரம் போனது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் இறைப்பு மிஷின் மூலையில் கிடந்தது. சீவரத்தினம் கிணற்றுத் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தான். அவள் பாத்திகளுக்கு வாய்க்கால் மாற்றிவிட்டுக்கொண்டே கதை சொன்னாள். கதைகள் தீர்ந்து, சொன்னதையே சொல்லவேண்டி வந்தது. அவனுக்கு அதில் குறையில்லை. அவளுக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. செபநாயகத்தின் கடை இருந்த இடத்தில் இடிந்த சுவர் மட்டும் நின்றது. கொழும்புக்குப் போய்விட்ட மரியநாயகி, தான் படிப்பிக்கும் வெள்ளவத்தை நிறுவனத்தில் ஓர் இடம் இருக்கிறது, உடனே வா என்று சொல்லி அனுப்பினாள். பராசக்தி மறுமொழி அனுப்பவில்லை. நானும் போனால் இவன் திரும்பவும் வாய் மூடிவிடுவான் என்று நினைத்தாள்.

நெல்லியடிச் சந்தையில் ஆழ்வாப்பிள்ளையின் பலசரக்குக் கடையில் ஒருநாள் சீரகம் வாங்கப் போனாள். கடதாசித் தட்டுப்பாட்டுக் காலம். ஆழ்வாப்பிள்ளை ஒரு பழைய புத்தகத்திலிருந்து தாள் கிழித்துச் சுருள் செய்தார். தாளின் தலைப்பில் ஹெரன் என்று இருந்தது.

"ஐயோ, கிழியாதையுங்கோ!"

"என்ன பிள்ளை, பாம்போ?"

"அந்தப் புத்தகத்தை எனக்குத் தாங்கோ."

"அரைவாசி முடிஞ்சுதே. தொடக்கமெல்லாம் மிளகு சுத்திக் கொடுத்திட்டன்."

"முடிவு கிடக்குதோ?"

அவர் புரட்டிப் பார்த்து, "கிடக்கு" என்றார்.

அந்தப் பாதியை அவள் சந்தைக்கு வெளியே வேலியோரம் நின்று படித்தாள். அதை எழுதியவன் எந்த ஒழுங்குக்கும் அடங்காதவன் போலும். ஈதா ஒரு துறைமுகத்தில் இறங்குகிறாள். எவரும் அவளைப் பிடிக்கவில்லை, துரத்தவில்லை. போதும், நான் போகிறேன் என்கிறாள். ஹால்டன் கைகொடுக்கிறான். கப்பல் அவளில்லாமல் புறப்படுகிறது. பராசக்தி கடைசிப் பக்கத்தை மறுபடி மறுபடி படித்தாள். இத்தனை ஆண்டு தேடிய முடிவு இதுதான். ஆனால் தம்பிக்கு இதை எப்படிச் சொல்வது?

தொடக்கம் இல்லாததால் தொடக்கத்தைத் தானே கட்டினாள். முடிவு வந்தபோது ஈதா மனம் மாறிக் கப்பலுக்கு ஓடிவந்தாள் என்று சொல்லி முடித்தாள். சீவரத்தினம் துலாவிலிருந்து இறங்கினான்.

இரண்டொரு நாள் கழித்து, பாத்திக்குத் தண்ணீர் மாறும்போது கேட்டான்.

"ஏனக்கா பொய் சொன்னனீ?"

"என்ன பொய்?"

"அவ திரும்பி வரேல்லை. கடைசிப் பக்கத்தை நான் பாத்தனான்."

"உனக்கு அது விளங்கினதோ?"

"குட்பை எண்டால் விளங்காதோ? மிச்சத்தை டிக்சனரியிலை பாத்தன். ஒரு பக்கத்துக்கு ரெண்டு நாள் போச்சுது." மண்வெட்டியால் வாய்க்காலை அடைத்துவிட்டு நிமிர்ந்தான். "அவ இறங்கின பிறகும் கப்பல் ஓடுது என்ன?"

"ஓடுது."

"அப்ப நீ போ. மரியநாயகி அக்கா கூப்பிட்டு எவ்வளவு காலம்! எனக்காக நிக்கிறாய் எண்டு தெரியும். நீ வீட்டுக்கும் படலைக்கும் நடக்கிற நடையைப் பாக்க எனக்குத்தான் விசர் பிடிக்குது."

அவ்வளவு நீளமாக அவன் கதைத்து எத்தனையோ ஆண்டு. பராசக்திக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. "நான் போனால் அம்மாவை ஆர் பாக்கிறது?" என்று கத்தினாள். "நான் ஆர்?" என்று அவன் திருப்பிக் கத்தினான். அடுப்படியிலிருந்து நல்லம்மா ஓடிவந்து, பிள்ளைகள் சண்டை பிடிப்பதைக் கண்டு வாயில் சீலைத்தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள்.

தொண்ணூற்றுமூன்றில், ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் கிடைப்பதற்கு அலைந்த அலைச்சலெல்லாம் முடிந்து, கிளாலிக் கடலில் வள்ளம் ஏறி அவள் கொழும்புக்குப் போனாள். மரியநாயகியோடு ஓர் அறை. வெளிநாடு போகக் காத்திருப்பவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தாள். அங்கே பழைய புத்தகக் கடைகளுக்குக் குறைவில்லை. ஹெரன் வரிசையின் மிச்சப் புத்தகங்களும் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அதில் ஈதா ஒன்றுமே நடக்காததுபோலக் கப்பலில் இருந்தாள். பராசக்தி சிரித்துக்கொண்டு திருப்பி வைத்தாள். கொழும்பிலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறையை மாற்றினாள், பிறகு வேலையை மாற்றினாள். பின்னேரங்களில் காலி வீதியில் பம்பலப்பிட்டிவரை நடந்து, கடற்கரைத் தண்டவாளத்தோடு திரும்பி வந்தாள். வழியில் பொலிஸ் மறித்து அடையாள அட்டை கேட்டால் நிற்பாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் முன்னேற, யாழ்ப்பாணப் பட்டணம் இருக்கும் வலிகாமம் முழுதும் ஒரே நாளில் இடம்பெயர்ந்த செய்தி வந்தது. வடமராட்சிக்கும் சனம் வெள்ளமாகப் போயிருக்கிறதாம். வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஊருக்குப் போகிறேன் என்று பையைக் கட்டினாள். பாதை இல்லை என்று எல்லாரும் சொன்ன பிறகு அவிழ்த்தாள். திரும்பவும் கட்டினாள்.

மார்கழியில் உடுப்பிட்டி ஏரம்பர், கண் வருத்தத்துக்குச் செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தார். பராசக்தி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"கொம்மா சுகமா இருக்கிறா பிள்ளை. உங்கடை வளவுக்குள்ளை இப்ப அஞ்சாறு குடும்பம். கொட்டில் போட்டுக் குடுத்தது உன்ரை தம்பிதான்."

"அவன் எப்பிடி இருக்கிறான்?"

"உவனோ?" ஏரம்பர் கட்டுப் போட்ட கண்ணைத் தடவிக்கொண்டார். "கிணத்தடியிலை நிண்டு தண்ணி முறைக்குச் சண்டை தீர்க்கிறான். விடிஞ்சால் பொழுதுபட்டால் அவன்ரை சத்தந்தான். காது குடுக்கேலாது."

பராசக்தி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்துக் கட்டில் நோயாளி எழும்பிப் பார்த்தார். ஏரம்பருக்குத் தோடம்பழம் வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்தவள், பழக்கடையைத் தாண்டி நடந்துகொண்டேயிருந்தாள். மருதானைச் சந்திக்குக் கிட்டத்தான் நினைவு வந்தது. பழத்தை வாங்கிக்கொண்டு, வந்த வேகத்திலேயே திரும்பினாள்.