பாயின் காற்றாடியும் டாக்டர் டானின் ஊதாச் சாயமும்

மீன் விற்பவருக்கும் பார்ஃபிரின் சாயம் செய்பவருக்கும் ஒரு வித்தியாசம்தான்: மீன் விற்பவரை பஸ்ஸில் யாரும் "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்பதில்லை. என்னைக் கேட்டார்கள், பதில் சொன்ன பிறகும் கேட்டார்கள். வேலையின் வாசனையோடு வீடு திரும்பும் அன்பர்களே, இது உங்களுக்காக.

எண்பதுகளில் நான் ஒரு கெமிஸ்ட்ரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். இலையின் பச்சைக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் உறவுக்காரர்கள் இந்த பார்ஃபிரின்கள். அந்தக் குடும்பத்து ஊதாப் பிள்ளைகளைக் குடுவையில் பெற்றெடுப்பது என் வேலை. வெள்ளைப் பொடி பூசிய கண்ணாடித் துண்டில் இந்தச் சாயத்தை ஏற்றி வெயிலில் வைத்தால் கரண்ட் வரும். எறும்பு வியர்க்கும் அளவுக்கு வரும். ஆனால் என் மேலதிகாரி டாக்டர் டான், பணம் கொடுக்கும் கமிட்டியிடம் "ஒரு விசிறியைச் சுற்ற வைப்போம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வருடக் கடைசியில் அதைப் பார்க்க ஆள் வரும். விசிறி சுற்றாவிட்டால் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு. குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் எங்கள் வீட்டில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் நான்.

பையைத் திற

சாயம் செய்வது சமையல் மாதிரிதான். புரோப்பியானிக் ஆசிட் கொதிக்கும்போது இரண்டு பொருள்களை ஊற்ற வேண்டும். ஒன்றில் பாதாம் எசன்ஸ் வாசனை. இன்னொன்று வாங்கிய அன்று தண்ணீர் மாதிரி இருக்கும், அடுத்த மாதம் கஷாயம் ஆகிவிடும். அரை மணி நேரத்தில் எல்லாம் சேர்ந்து தார் ஆகும். அந்தத் தாருக்குள் ஊதா நிறத்தில் மின்னும் பொடி கொஞ்சம் கிடைக்கும். அது ஆய்வுக்கூடத்தில் தங்கிவிடும். ஆசிட்டின் நாற்றம் மட்டும் என்னோடு வீட்டுக்கு வரும். மாதக்கணக்கில் துவைக்காத காலுறையை ஊறுகாய் போட்டால் எப்படி இருக்கும், அப்படி.

ஒரு நாள் பஸ்ஸில் என்னைச் சுற்றி நாலு சீட் காலி. நின்றுகொண்டிருந்தவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். டிரைவர் நம்ம ஆள். நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார். "தங்கச்சி, டுரியான் எங்க வச்சிருக்கே?" நாற்றத்துக்காகவே பஸ்ஸில் ஏற்றக் கூடாத பழம் அது. பையைத் திறந்து காட்டினேன். சாப்பாட்டு டப்பா, குடை, ஜெபமாலை. என் பக்கம் குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"டுரியானா இருந்தாக்கூடப் பரவால்ல லா."

கரண்ட் ஆபீஸ்

என் வேலையை அக்கம்பக்கத்தில் எப்படிச் சொல்வது என்று அம்மாவுக்குக் குழப்பம். கடைசியில் "கரண்ட் சம்பந்தமான வேலை" என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து எங்கள் புளோக்கில் யார் வீட்டில் கரண்ட் பில் கூடினாலும் என்னிடம் பஞ்சாயத்து. "ஆன்ட்டி, நான் செய்யற கரண்ட்ல ஒரு பல்புகூட எரியாது" என்று ஏழாம் மாடி ஆன்ட்டியிடம் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் பில்லை மடித்துக்கொண்டே சொன்னார்:

"அதான் பாத்தேன், உன்னை மாதிரி ஆளுங்கள வச்சிருந்தா பில்லு ஏறாம என்ன செய்யும்?"

பத்துச் சேலைக்கு ஒரு ஃபேன்

நம்ம ஆட்கள் கடைகள் நிறைந்த தேக்காவில் துணிக்கடை வைத்திருந்த பாய் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். ரவிக்கைத் துணி எடுக்கப் போனபோது என் விரல்களைப் பார்த்துவிட்டார். நகக்கண்ணெல்லாம் ஊதா. "என்னம்மா கலர் இது! எந்தக் கடையில?" என்றார். விவரம் சொன்னேன். அவருக்கு ஊதா மறந்துபோய் கரண்ட் பிடித்துக்கொண்டது.

"அப்ப இந்தச் சாயத்துல சேலையை முக்கிக் கட்டிக்கிட்டு வெயில்ல நடந்தா ஃபேன் ஓடுமா?"

"ஓடாது பாய்."

"ரெண்டு பேரு சேர்ந்து நடந்தா?"

சேலையில் கரண்ட் வராது, கண்ணாடி வேண்டும், அப்படியே வந்தாலும் ஒரு காகிதக் காற்றாடி சுற்றுவதற்கே நாங்கள் தலைகீழாக நிற்கிறோம் என்று புலம்பினேன். பாய் உடனே பெட்டியிலிருந்து ஒரு சின்னக் காகிதக் காற்றாடியை எடுத்து என் கையில் வைத்தார். தீபாவளி வியாபாரத்தின்போது பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் மிச்சம்.

"இதை எப்படியாச்சும் சுத்த வச்சிடும்மா, பத்துச் சேலை எடுத்தா ஒரு ஃபேன் இலவசம்னு நான் இப்பவே போர்டு எழுதிடறேன்."

தவக்காலத்தில் பச்சை

எங்கள் கோயிலில் பீடத்துத் துணிகளைக் கவனிப்பவர் திரேசா அக்கா. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் புனிதர்களின் சுரூபங்களை மூட ஊதாத் துணி வேண்டும். கடையில் வாங்குவானேன், நீதான் ஊதாவிலேயே குளிக்கிறாயே என்று வெள்ளைத் துணியை என் தலையில் கட்டினார். மிச்சக் கரைசலில் முக்கிக் காயவைத்துக் கொடுத்தேன். ராஜா மாதிரி இருந்தது.

சனிக்கிழமை அந்தத் துணிகளை வைத்திருந்த அறையின் தரையை யாரோ புண்ணியவான் ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டார். கதவையும் சாத்திவிட்டுப் போய்விட்டார், ஆசிட் ஆவி உள்ளேயே நின்றுவிட்டது. மறுநாள் காலை பார்த்தால் துணி முழுக்கப் பச்சை. ஊதாதான் தவக்காலத்துக்கு, பச்சை சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளுக்கு. திரேசா அக்கா "என் பாவமா, உன் பாவமா?" என்று அழவே ஆரம்பித்துவிட்டார். எனக்கோ நிம்மதி. ஆசிட் பட்டால் பச்சை, அம்மோனியா பட்டால் மறுபடி ஊதா, தினமும் பார்ப்பதுதான். கண்ணாடி துடைக்க வைத்திருந்த அம்மோனியாவைப் பஞ்சில் நனைத்துத் தடவினேன். தடவிய இடமெல்லாம் ஊதா திரும்பி வந்தது. பின்னால் ஃபாதர் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"வெளியில யாருக்கும் தெரிய வேணாம்மா, அற்புதம்னு கேள்விப்பட்டா எல்லை தாண்டி ஜொகூர்லருந்து பஸ் பிடிச்சு வந்துடுவாங்க."

வந்தார், நிழலோடு

கடைசியில் அந்த நாள் வந்தது. ஊதினாலே சுற்றும் ஒரு குட்டி மோட்டாரைத் தேடிப் பிடித்து, அதில் பாயின் காற்றாடியைச் செருகியிருந்தார் டாக்டர் டான். காலையெல்லாம் கொளுத்திய வெயில், கமிட்டி அனுப்பிய அதிகாரி வாசலில் நுழைந்ததும் அடைமழையாக மாறியது. ஜன்னலோரம் இருந்ததையெல்லாம் அவசரமாக நடு மேசைக்கு நகர்த்தினோம். சூரியனுக்குப் பதில் ஸ்லைடு புரொஜெக்டர். விளக்கைப் போட்டதும் காற்றாடி சுற்றியது! டாக்டர் டான் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி தமிழர். கிட்டப் பார்க்கலாம் என்று முன்னால் வந்து நின்றார். அவர் நிழல் கண்ணாடித் துண்டை முழுசாக மூடியது. காற்றாடி அப்போதும் ஜோராகச் சுற்றியது. அவர் மெதுவாக நிமிர்ந்து மேலே பார்த்தார். மேசைக்கு நேர் மேலே ஏர்கான்.

"அதைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

ஆஃப் செய்தேன். காற்றாடி நின்றது. என் உயிரும் கிட்டத்தட்ட அப்படித்தான். டாக்டர் டான் மழையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். போகிற வேலைதானே, உண்மையைச் சொல்லிவிட்டாவது போகட்டும் என்று மோட்டாரைக் கழற்றிவிட்டு, கம்பிகளை மீட்டரில் மாட்டினேன். "இவ்வளவுதான் சார் வருது" என்றேன். அவர் உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்தார். மீட்டரின் முள் இறங்கியது. எடுத்தார், ஏறியது. மறுபடி மறைத்தார், மறுபடி எடுத்தார். மழை விட்டது. அவர் விடவில்லை. ஏர்கான் இல்லாமல் எங்கள் மூன்று பேர் சட்டையும் வியர்வையில் நனைந்து, புரோப்பியானிக் வாசனை எழுந்து, கடைசியில் அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு வருஷம் நடத்துங்க, ஆனா அந்த ஏர்கானைக் கழட்டிடுங்க, வேர்த்தாத்தான் உங்களுக்கும் ஃபேன் மேல ஆசை வரும்."

ஆக அன்பர்களே, அந்த இரண்டு வருடமும் பாயின் காற்றாடியைச் சுற்ற வைத்தது சூரியனும் இல்லை, சாயமும் இல்லை. மாதாமாதம் சம்பளக் கவரைக் கையில் வாங்கியதும் நான் விட்ட பெருமூச்சுதான்.